எந்த டிஸ்க் வாங்கட்டும்?

பிப்ரவரி 6

பட்டாணியின் அம்மாவுக்கு,

போன் பண்ண வேண்டாம், பேச்சு சண்டையில்தான் போய் முடிகிறது, சொல்ல வேண்டியதை எழுதி அனுப்பட்டும் என்று உன் அக்காவிடம் சொல்லிவிட்டாயாம். சரி, எழுதுகிறேன். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான். ஆல்பம் அட்டையில் மாப்பிள்ளை பெயரைத் தப்பாகப் போட்டு அவர்கள் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

ஸ்டுடியோ வேலையை விட்டுவிட்டேன். முதலாளி நல்ல மனுஷன். "கொஞ்ச நாள் கழிச்சு வாய்யா, உன் இடம் அப்படியே இருக்கும்" என்றார். வர முடியாது என்று சொல்லிவிட்டேன். மண்டபத்தில் ஏதாவது ஒரு குழந்தை கேமராவுக்குக் குறுக்கே ஓடினால் என் கை ஆடிவிடுகிறது. கை ஆடுகிற கேமராமேனை வைத்துக்கொண்டு அவர்தான் என்ன செய்வார்?

வீட்டிலேயே ஒரு எடிட்டிங் கம்ப்யூட்டர் வைக்கப் போகிறேன். வெளிவேலை எதுவும் எடுக்கப் போவதில்லை. ஒரே ஒரு படம் முடிக்க வேண்டும். நம் பட்டாணியின் படம்.

ஊரார் பிள்ளைகள் தவழ்ந்தது, விழுந்தது, பல் போனது எல்லாம் எடுத்துக் கொடுத்தோம். அவளை எடுக்கவே இல்லை. நீ போனை எடுத்தாலே நான்தான், "போன்ல எடுத்துக் கெடுக்காதே, ஒருநாள் நல்ல லைட்ல, நல்ல கேமராவில உட்கார்ந்து எடுப்போம்" என்பேன். அந்த நல்ல லைட்டுக்கு முன்னால் காய்ச்சல் வந்துவிட்டது. கொஞ்சம் போட்டோக்கள் இருக்கின்றன, பள்ளிக்கூட அடையாள அட்டை இருக்கிறது. அசைகிற பட்டாணி, பேசுகிற பட்டாணி நம்மிடம் இல்லை.

ஆனால் இருக்கிறாள். யோசித்துப் பார். லீவு நாள் கல்யாணத்துக்கெல்லாம் அவளையும் கூட்டிக்கொண்டுதானே போனேன்? ஒயிட் பேலன்ஸ் வைக்கும்போது வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவள் வேலை. எது வெள்ளை என்று கேமராவுக்குக் காட்டினால்தான் மற்ற நிறமெல்லாம் ஒழுங்காக வரும் என்று சொல்லிக் கொடுத்தேன். "அப்ப நான் காட்டலேன்னா பொண்ணு பச்சையா இருப்பாங்களா?" என்று கேட்டு முதலாளியைச் சிரிக்க வைத்தாள். நானோ எதையும் தவறவிடக் கூடாது என்று ரெக்கார்டை முதலில் அமுக்கிவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்ப்பேன். அப்படியென்றால் ஒவ்வொரு கல்யாண வீடியோவின் தலையிலும், ஆரம்பத்திலேயே, அவள் இருந்திருக்கிறாள்.

அந்தத் தலைப்பகுதிகள் இப்போது இல்லை. தெரியும். அதைப் பற்றித்தான் அன்றைக்கு நான்... அதை எழுத வரவில்லை, விடு. ஆனால் அழித்தது டிஸ்க்கை விட்டு உடனே போய்விடாதாம், தோண்டி எடுக்கிறவர்கள் இருக்கிறார்களாம். பழைய பெரிய டிஸ்க்கை முதலாளி என்னிடமே கொடுத்துவிட்டார். அலமாரியில் இருக்கிறது.

கடையில் மூன்று விதம் காட்டினார்கள். சுற்றுகிற பழைய மாதிரி, பெரிசு, மெதுவு. அப்புறம் எஸ்.எஸ்.டி., சத்தமே இல்லை. அப்புறம் சூயிங்கம் பட்டை மாதிரி ஒன்று, நேரே உள்ளே செருகுவதாம். "ரெண்டு டிஸ்க்கை ஒண்ணா சேர்த்துப் போட்டுடலாம் சார், பறக்கும்" என்கிறான் கடைக்காரன். எனக்கு வெளிச்சம் தெரியும், லென்ஸ் தெரியும். எடிட்டிங்கும் டிஸ்க்கும் ஸ்டுடியோவில் உன் இலாகா. எந்த டிஸ்க் வாங்கட்டும்?

உன் வீட்டுக்காரன்

&nbsp;

பிப்ரவரி 13

கடிதம் வந்தது. கவரில் பட்டாணியின் அம்மா என்று போட்டிருந்தீர்கள். அதைப் பார்த்துவிட்டு இங்கே அக்கா வீட்டில் அத்தான் என் கையில் கொடுக்கத் தயங்கி, சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டு வாக்கிங் போய்விட்டார். வேறு எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அப்படியே இருக்கட்டும்.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சூயிங்கம் பட்டை என்றீர்களே, அதில் ஒன்று வாங்குங்கள். பெரிதாக வேண்டாம். கம்ப்யூட்டர் எழுந்திருக்கவும் எடிட்டிங் மென்பொருளுக்கும் அது போதும். வெட்டி ஒட்டுகிற படங்கள் வேறொரு எஸ்.எஸ்.டி.யில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றிலேயே போட்டால், ஒரே குழாயில் சமையலும் குளியலும் நடப்பதுபோல இழுத்துக்கொண்டு கிடக்கும். வேலை முடிந்ததைச் சேர்த்து வைக்கச் சுற்றுகிற டிஸ்க்கே போதும், அதற்கு வேகம் தேவையில்லை. ஆனால் அதில் இரண்டு வாங்குங்கள், வெவ்வேறு கம்பெனி. ஒரே பெட்டியிலிருந்து இரண்டை எடுத்தால் இரண்டும் சேர்ந்தே மண்டையைப் போடும்.

இரண்டை ஒன்றாகச் சேர்க்கிறேன் என்று அந்தக் கடைக்காரன் சொன்னால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். ஒவ்வொரு படத்தையும் பாதி பாதியாகப் பிய்த்து இரண்டிலும் வைக்கும். வேகம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஒன்று செத்தால் மற்றதில் இருக்கிற பாதியை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா?

பழைய பெரிய டிஸ்க்கை மட்டும் எதிலும் செருகாதீர்கள். துணியில் சுற்றி அலமாரியிலேயே வையுங்கள். நான் சொல்கிறவரைக்கும் தொடவே தொடாதீர்கள்.

இனி மற்றது. அதை எழுத வரவில்லை என்று சுலபமாகப் போட்டுவிட்டீர்கள். எனக்கு வரும். அவள் போன துக்கம் கேட்க வந்தவர்கள் அன்றைக்கு ஹாலில் இன்னும் உட்கார்ந்திருந்தார்கள். என் அக்கா, அத்தான், பக்கத்து வீட்டார் எல்லாரும் பார்க்க என்னைக் காட்டி, "இவதான் அவளை அழிச்சா" என்றீர்கள். கிளிப்பை அழித்தாள் என்று சொல்லவில்லை. அவளை என்றீர்கள்.

டிஸ்க் நிறைந்துவிட்டது, இன்னொன்று வாங்கச் சொல்லுங்கள் என்று எத்தனை தடவை தொண்டை வற்றக் கத்தினேன்? "டிஸ்க் யார் கண்ணுக்குத் தெரியப் போகுது? லென்ஸ் வாங்கினா படத்துல தெரியும்" என்று முதலாளிக்கு யோசனை சொன்னது யார்? இடம் இல்லாமல்தான் ஒவ்வொரு கிளிப்பிலும் தலையையும் வாலையும் வெட்டினேன். ஓட விட்டுப் பார்த்து வெட்டுகிற அளவுக்கு எனக்கு நேரம் கொடுத்தீர்களா? கை பாட்டுக்கு வெட்டும், அடுத்த கல்யாணம் வரிசையில் நிற்கும். காலியான இடத்தில் அந்தக் கல்யாணத்தைப் போடுவேன். அதனால் தோண்டினாலும் ஒன்றும் கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன். முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பிறகு என்மேல் பழி போட வேண்டாம்.

இங்கே ஒரு போட்டோ கடையில் வேலைக்குப் போகிறேன். பள்ளி அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிற பருவம் இது. நிமிர்ந்து உட்காரு, கண்ணை மூடாதே என்று நாள் முழுக்கப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கம்ப்யூட்டரை எங்கே வைக்கப் போகிறீர்கள்? அவள் மேஜையில் மட்டும் வேண்டாம்.

&nbsp;

பிப்ரவரி 24

பட்டாணியின் அம்மாவுக்கு,

அவள் மேஜையில்தான் வைத்திருக்கிறேன். உன் கடிதம் வருவதற்கு முன்பே வைத்தாகிவிட்டது. வீட்டில் ஜன்னல் வெளிச்சம் திரையில் அடிக்காத இடம் அது ஒன்றுதான். அவள் ஸ்கெட்ச் பேனாக்களை ஒரு டப்பாவில் போட்டு மேலே வைத்திருக்கிறேன், எதையும் தூக்கி எறியவில்லை. நீ எழுதியது சரிதான்.  உன் அத்தான் இப்போதுகூட என்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

டிஸ்க்கெல்லாம் நீ சொன்னபடியே வாங்கிவிட்டேன். சுற்றுகிற டிஸ்க் இரண்டும் வெவ்வேறு கம்பெனி, வெவ்வேறு கடை. முதல் கடைக்காரனிடம் கும்பிடும் போட்டேன். "சார் வீட்டுல யாரோ விஷயம் தெரிஞ்சவங்க இருக்காங்க" என்றான். ஆமாம் என்றேன்.

இனிமேல் எழுதப் போவதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்துகொள்.

கடைக்காரன் தற்காலிகமாக ஏதோ ஒரு டிஸ்க்கைப் போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டர் வந்த அன்றைக்கே பழைய டிஸ்க்கைச் செருகிவிட்டேன். செருகாதே என்ற உன் கடிதம் மறுநாள்தான் வந்தது. ஸ்டுடியோ கம்ப்யூட்டர் வேறு ரகம் என்பதால் புதியதற்கு அந்த டிஸ்க் புரியவில்லையாம். திரையில் ஒரு பெட்டி வந்தது. இந்த டிஸ்க்கை ஃபார்மட் பண்ணட்டுமா என்று கேட்டது. இத்தனை வருஷமாகக் கேமராவில் கார்டைச் செருகினால் ஃபார்மட் பண்ணுவதுதான் என் முதல் வேலை. பழைய கல்யாணம் கார்டில் இருந்தால் புதுக் கல்யாணத்துக்கு இடம் பற்றாதே என்று பயந்து பயந்து பழகின கை இது. வீட்டுக்குள் நுழைந்தால் சுவிட்சைத் தட்டுகிறோமே, அதுபோலத்தான். படித்தேனா, யோசித்தேனா, ஒன்றும் இல்லை. பண்ணு என்று அமுக்கிவிட்டேன். அமுக்கின பிறகுதான் விரலைப் பார்த்தேன்.

டிஸ்க் காலி என்று காட்டுகிறது. கல்யாணங்களும் இல்லை, எதுவும் இல்லை.

உன்னை எல்லார் முன்னாலும் என்ன சொன்னேனோ, அதையே இப்போது யாரும் இல்லாத வீட்டில் நான் செய்து முடித்திருக்கிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் ஏதாவது வழி இருந்தால் அதையும் அதே கடிதத்தில் சேர்த்து எழுது.

&nbsp;

மார்ச் 1

அந்தக் கையை என்ன செய்வது? சொல்லுங்கள். ஒரு வார்த்தை படித்துப் பார்க்கிற பொறுமை கிடையாது. இப்படித்தான் எல்லாமே. காய்ச்சலா, மாத்திரை கொடு, சாயங்காலம் வந்து பார்க்கிறேன். ஃபார்மட்டா, பண்ணு. நீங்கள் எதையும் நின்று கேட்க மாட்டீர்கள்.

கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். பிறகு துண்டுகளைப் பொறுக்கி ஒட்டிப் படித்தேன், எந்த மாதிரி ஃபார்மட் என்று எழுதியிருக்கிறீர்களா என்று பார்க்க. எழுதவில்லை. அமுக்கினதும் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்ததா, இல்லை நாள் முழுக்க ஓடியதா? உடனே முடிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் வழி இருக்கிறது. அந்த மாதிரி ஃபார்மட் வாசலில் இருக்கிற பெயர்ப்பலகையை மட்டும்தான் கழற்றும். உள்ளே இருந்தவர்கள் அப்படியே இருப்பார்கள், அந்த இடத்துக்கு வேறு குடித்தனம் வருகிறவரைக்கும். ஏற்கெனவே நான் நிறையக் குடித்தனங்களை வைத்துவிட்டேன். இனி நீங்களும் வைக்காதீர்கள்.

இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் அந்த டிஸ்க்கைப் பிடுங்குங்கள். எதையும் அதில் காப்பி பண்ணிப் பார்க்காதீர்கள். நீங்களே இணையத்திலிருந்து எதையாவது இறக்கித் தோண்டவும் வேண்டாம். ஒருமுறை ஸ்டுடியோ டிஸ்க் விழுந்தபோது தடிக் கண்ணாடி போட்ட ஒருவர் வந்து எடுத்துக் கொடுத்தாரே, முதலாளியிடம் கேட்டால் அவர் நம்பர் கிடைக்கும். அவரிடம் போங்கள். இன்னது வேண்டும் என்று சொல்லாதீர்கள். எது தென்பட்டாலும் எடுத்து, நீங்கள் வாங்கின புது டிஸ்க்கில் போடச் சொல்லுங்கள். உங்கள் கதையை அவரிடம் சொல்லி அழாதீர்கள், மனுஷன் அவசரப்பட்டால் காரியம் கெடும்.

கிடைக்காது என்று போன கடிதத்தில் எழுதினேன். அப்படியே இருந்திருந்தால் நிம்மதி. இப்போது எனக்கும் நப்பாசை வந்துவிட்டது. அதற்கும் சேர்த்து உங்கள்மேல் கோபமாக இருக்கிறது.

&nbsp;

மார்ச் 29

பட்டாணியின் அம்மாவுக்கு,

உடனே முடிந்த ஃபார்மட்தான். கண்ணாடிக்காரரைப் பிடித்துவிட்டேன். நான் அழவில்லை. ஆனால் அவருக்கு முதலாளி சொல்லியிருப்பார் போல. டிஸ்க்கை வாங்கிக்கொண்டு, "எவ்வளவு வருதோ அவ்வளவு, சார். மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க" என்றார். நாள் கணக்காக அதை ஓட விட்டிருக்கிறார்.

பெரும்பாலும் உடைசல்தான். பாதி முகம், பச்சைக் கட்டம், யாரோ சாப்பிடுகிற கை. நீ வைத்த குடித்தனங்கள். ஆனால் நடுநடுவே நீ வெட்டிப் போட்ட தலைப்பகுதிகள் கொஞ்சம் முழுசாகவே கிடைத்திருக்கின்றன என்றார். டிஸ்க்கை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். கடையில் வைத்துப் பார்க்க மனசு வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, நீ சொன்னபடி எஸ்.எஸ்.டி.யில் ஒன்று, சுற்றுகிற டிஸ்க் இரண்டிலும் ஒவ்வொன்று என்று காப்பி போட்டேன். அதுவரைக்கும் எதையும் திறக்கவில்லை. நீ பக்கத்தில் இருந்தால் "பரவாயில்லையே!" என்றிருப்பாய். முகம் கழுவிக்கொண்டு வந்து முதல் கிளிப்பைத் திறந்தேன்.

வெள்ளையாக இருந்தது.

கிளிப் உடைந்துவிட்டது என்று அடுத்ததைத் திறந்தேன். அதுவும் வெள்ளை. அதற்கு அடுத்ததும். அதற்குப் பிறகு ஒன்றில் ஓரமாக ஒரு கட்டைவிரல் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒயிட் பேலன்ஸ் வைக்கும்போது தாள் திரை முழுக்க நிறைகிறவரைக்கும் ஜூம் பண்ணுவேன். தாளைத் தவிர வேறு எதுவும் உள்ளே வரக் கூடாது. அதுதானே முறை? பின்னால் நின்ற பட்டாணியைப் பார்த்தது என் கண்தான், கேமரா பார்க்கவே இல்லை. கேமராவுக்கு அவள் வெறும் இரண்டு கட்டைவிரல்.

இந்தத் தொழிலில் தலை நரைத்தவனுக்கு இது தோன்றவில்லையே! உன்னோடு சண்டை போட்டேன், வேலையை விட்டேன், டிஸ்க் டிஸ்க்காக வாங்கினேன், ஒருமுறைகூட அந்தப் பொத்தானை அமுக்கியபோது கேமராவுக்குள் என்ன தெரிந்தது என்று நினைத்துப் பார்க்கவில்லை. நீ வெட்டினாய் என்று ஊரைக் கூட்டினேன். நீ வெட்டியது வெறும் வெள்ளை, அம்மா. எந்த எடிட்டரும் வெட்டியிருப்பார்.

எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். ஒன்றில் நகத்துச் சாயம் பாதி உரிந்திருக்கிறது. உன் பாட்டிலைத் திருடிப் பூசிக்கொண்டாள் என்று கத்தினாயே, அந்த வாரமாக இருக்கும். இன்னொன்றில் பிளாஸ்திரி. தாள் லேசாக ஆடினால் மூச்சு விடுகிறாள் என்று நினைத்துக்கொள்கிறேன். சகலை, உன் அத்தான்தான், இத்தனை நாள் கழித்து போன் பண்ணினார். எல்லாம் தெரிந்த ஏகாம்பரம் அல்லவா, "இப்ப ஒரு போட்டோவ வச்சே கம்ப்யூட்டர் ஆளைப் பேச வைக்குதாமே, அதைப் பண்ணிடுங்க சகலை" என்றார். நல்லதுக்குத்தான் சொன்னார். போனை வைத்துவிட்டேன்.

சத்தமும் இல்லை. கேமரா மைக் இரைச்சல் என்று நான்தான் எப்போதும் அணைத்து வைப்பேன். மாப்பிள்ளைக்கு மாட்டுகிற மைக்தான் ஓடுகிறது. வெள்ளைத் திரையில் யாரோ ஒரு மாப்பிள்ளை ஷூ கடிக்கிறது என்று புலம்புகிறான். முதல் சிலவற்றுக்குப் பிறகு சத்தத்தை அணைத்துவிட்டேன்.

படம் கிடையாது. உனக்கு நப்பாசை காட்டினதற்கு மன்னித்துவிடு.

&nbsp;

ஏப்ரல் 5

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். படம் எடுக்க வந்திருந்த ஒரு பெண்பிள்ளை, "ஆன்ட்டி, ரெடியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.  முதலாளியம்மா வந்து அவளைப் படம் எடுத்தார்.

வெள்ளை என்று எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆயிரம் தடவை வெட்டியிருக்கிறேன். என் கைக்குத் தெரியும், எனக்குத் தெரியவில்லை. நான் வெட்டியதில் தப்பில்லை என்று எழுதினீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை நாள் காத்திருந்தேன் தெரியுமா? வந்தபோது எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. தப்பு என்னுடையதாகவே இருந்திருக்கலாம், அவள் அதில் இருந்திருந்தால் போதும்.

ஒன்று கேட்கிறேன். சத்தத்தை ஏன் அணைத்தீர்கள்? நீங்கள் படம் பார்க்கிற ஆள், நான் கேட்கிற ஆள். மாப்பிள்ளைக்கு மாட்டுவதற்கு முன்னால் அந்த மைக் எங்கே இருக்கும்? வேலை செய்கிறதா என்று பார்க்க உங்கள் சட்டையில்தான் மாட்டிக்கொள்வீர்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று நீங்கள் எண்ணுவதை எத்தனையோ கிளிப்பில் கேட்டிருக்கிறேன். என்றைக்காவது மாப்பிள்ளை வரத் தாமதமாகி, மைக் உங்கள் சட்டையிலேயே இருக்கும்போது தாளைப் பிடிக்கச் சொல்லியிருப்பீர்கள் இல்லையா? அவள் வாயை மூடிக்கொண்டு நிற்கிற பிள்ளையா?

முதலிலிருந்து கடைசிவரை ஒன்றுவிடாமல் கேளுங்கள். இரண்டு காதிலும் ஹெட்போனை வைத்துக் கேளுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும்கூட ஓடியிருக்கும்.

&nbsp;

ஏப்ரல் 17

பட்டாணியின் அம்மாவுக்கு,

இருக்கிறாள். ஒரே ஒரு கிளிப்பில். வலது பக்கத்துச் சத்தத்தில் மட்டும். நீ சொன்னபடியே, மைக் என் சட்டையில் இருந்திருக்கிறது.

அவள் குரலைக் கேட்டதும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் தேடினேன். உண்மையாகவே எழுந்து சமையலறை வரைக்கும் போய்விட்டேன். குரல் அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது.

சுற்றுகிற டிஸ்க்கில் ஒன்றைத் துணியில் சுற்றிக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். மற்ற வெள்ளையெல்லாம் அதில் இருக்கிறது, பார்க்க வேண்டாம். அந்த ஒரு கிளிப்பைத் தனி ஃபோல்டரில் போட்டிருக்கிறேன்.

ஒரு உதவி. அவள் பேசும்போதே என் குரலும் வருகிறது. அதை மட்டும் வெட்டிக் கொடு. நான் மூன்று நாலு தடவை முயற்சி பண்ணினேன், என் கைக்கு வரவில்லை. நீ வெட்டினால் வெட்டின இடம் தெரியாது, ஊரே சொல்லும். அவள் மட்டும் இருக்கட்டும். நான் அதில் இருக்க வேண்டாம். நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று நீயே கேட்பாய், எழுத என்னால் ஆகவில்லை.

கேட்டுவிட்டு முடிந்தால் வீட்டுக்கு வா. பேச வேண்டாம். நான் ஹாலில் படுத்துக்கொள்கிறேன். கம்ப்யூட்டர் முன்னால் நீ உட்கார், எழுந்திரு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஒரு குரலை வைத்து, போட்டோக்களை அடுக்கி, சின்னதாக ஒரு படம் பண்ணலாம். நீயும் நானுமாக.

உன் வீட்டுக்காரன்

&nbsp;

மே 2

டிஸ்க் பத்திரமாக வந்தது. இத்தனை நாள் பதில் போடாததற்குக் காரணம், நீங்கள் சொன்ன வேலையைச் செய்துகொண்டிருந்தேன்.

கேட்டேன். தாள் ஆடுகிறது. "அப்பா" என்கிறாள். கொஞ்சம் நிறுத்தி, "கை வலிக்குதுப்பா, கொஞ்சம் இறக்கிக்கட்டுமா?" என்கிறாள். அவள் "கை" என்று ஆரம்பிக்கும்போதே நீங்களும் ஆரம்பித்துவிடுகிறீர்கள். "ஆட்டாதேன்னு எத்தனை தடவ சொல்றது? உன்னக் கூட்டிட்டு வந்ததே தப்பு." பிறகு தாள் ஆடவில்லை. பிறகு அவள் பேசவும் இல்லை.

வெட்டப் பார்த்தேன். கடையில் எல்லாரும் போன பிறகும், ஞாயிற்றுக்கிழமை பூராவும் உட்கார்ந்து பார்த்தேன். குரலைப் பிரிக்கிற மென்பொருள் ஒன்றைப் போட்டும் பார்த்தேன். உங்களை எடுத்தால் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிற யாரோ ஒருத்தி வருகிறாள். அது பட்டாணி இல்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒரே மைக்கில் ஒரே நேரத்தில் பேசியிருக்கிறீர்கள். உங்கள் குரலை வெட்டினால் அவளும் சேர்ந்து போகிறாள். என்னால் இதற்கு மேல் ஆகாது, யாராலும் ஆகாது.

இதை வைத்து உங்களை நாலு கேள்வி கேட்கலாம் என்றுதான் முதலில் பேனாவை எடுத்தேன். ஹாலில் என்னை நிற்க வைத்தீர்களே, பதிலுக்கு உங்களை நிற்க வைக்க இதைவிட என்ன வேண்டும்? ஆனால் கேட்க என்ன இருக்கிறது? வேலை நேரத்தில் எந்த அப்பனும் பிள்ளையிடம் அப்படித்தான் கத்துவான். நானும் நகத்துச் சாயத்துக்குக் கத்தினேன். மற்ற வீடுகளில் அதற்குப் பிறகு சமாதானம் இருக்கும், ஐஸ்கிரீம் இருக்கும், அடுத்த நாள் பேச்சு இருக்கும். நீங்களும் அன்றைக்கு அவளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். அதெல்லாம் எதிலும் பதியவில்லை. பதிந்தது இது மட்டும்தான்.

நான் வரவில்லை. கோபத்தில் சொல்லவில்லை. அந்த மேஜைக்கு முன்னால் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்தால் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்போம். ஒவ்வொரு தடவையும் நீங்கள் என் முகத்தைப் பார்ப்பீர்கள். படமும் வேண்டாம். கம்ப்யூட்டரை யாருக்காவது கொடுத்துவிட்டு முதலாளியிடம் திரும்பிப் போங்கள். கை ஆடினால் ஆடட்டும், ஸ்டாண்டில் மாட்டி எடுங்கள்.

கேட்டதற்கு ஒன்றாவது செய்ய வேண்டும் என்று ஒரு காரியம் செய்திருக்கிறேன். அந்த முதல் "அப்பா" மட்டும் சுத்தமாக இருக்கிறது. அதில் உங்கள் குரல் இல்லை, மண்டபச் சத்தம்கூட இல்லை. அதைத் தனியாக எடுத்து, இதே டிஸ்க்கில் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டாம்.

கிடைத்தது எல்லாவற்றையும் நானும் கேட்டுவிட்டேன், நீங்கள் பார்க்க வேண்டாம் என்ற வெள்ளையையும் சேர்த்து. அவள் உங்களைக் கூப்பிட்டது இருக்கிறது. என்னைக் கூப்பிட்டது எந்த டிஸ்க்கிலும் இல்லை.